பத்திரமாய் எடுத்துவைத்த கேம்கள்

லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டுக்குப் போனவர்கள் உடனே உட்கார்ந்ததாகச் சரித்திரம் இல்லை. நாற்காலிகள் இருக்கத்தான் செய்தன. ஆனால் நமக்கு முன்னால் ஒரு அடுக்கு வீடியோ கேம் வந்து அதில் உட்கார்ந்திருக்கும். "மெதுவா நகர்த்துங்க, சாய்ச்சிடாதீங்க" என்று மெக்கானிக் பதறிக்கொண்டு ஓடி வருவார். வந்தவர் தடுக்கி விழுந்திருந்தால்கூட அவ்வளவு பதறியிருக்க மாட்டார்.

குறை சொல்லக்கூடாது, மனிதர் தங்கமானவர். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் இருப்பவர்களுக்குக் கதவிடுக்கு வழியாக ஜோக் சொல்லியே தைரியம் கொடுப்பவர். ஒரே ஒரு பைத்தியம்தான். பள்ளிக்கூட நாளிலிருந்து சேர்த்த கேம்கள். டிவியோடு சேர்த்த பெட்டியில் செருகி ஆடும் கையகல பிளாஸ்டிக் கேட்ரிட்ஜுகள், டிஸ்க் பெட்டிகள், எதற்கென்றே தெரியாத ஒயர்கள். கட்டிலுக்கடியில் பாதி. சமையலறை மேல்தட்டில், மாவு டப்பாவுக்கு அண்டை வீட்டுக்காரர்களாய்க் கொஞ்சம். செருப்பு அலமாரி முழுக்க அவைதான். செருப்புகள் வாசலுக்கு வெளியே வெயிலிலும் மழையிலும் கிடந்து காலம் தள்ளின.

அவர் மனைவி கடைவீதியில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருப்பவள். நாளெல்லாம் ஒரு கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, எறும்புக்குக்கூடப் பெரிதாகத் தெரியாத திருகாணிகளோடு மல்லுக்கட்டுகிறவள். அவள் மேசையில் ஒரு இடுக்கி இடம் மாறியிருந்தால் அன்றைக்குக் கடையில் யாருக்கும் நல்ல நேரம் இல்லை. இப்படிப்பட்டவளுக்கு அப்படிப்பட்ட வீடு. வாரம் ஒரு தடவையாவது ஜன்னல் வழியாகக் கேட்கும்:

"ஒருநாள் இத்தனையையும் மூட்டை கட்டி குப்பை வண்டியில ஏத்தப் போறேன். பாத்துக்கிட்டே இருங்க!"

ஜன்னலைச் சாத்திவிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதனால் மாடிவீடு, கீழ்வீடு, எதிர்வீடு எல்லோருக்கும் இந்தச் செய்தி மனப்பாடம்.

போன மாதம் சின்ன அறைச் சுவரில் ஈரம் ஏறிப் பூஞ்சை பூத்தது. பெயின்டர் வந்து பார்த்து, அறையைக் காலி செய்தால்தான் கை வைப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த நேரம் பார்த்து மெக்கானிக்குக் கம்பெனி வேலையாக வெளியூர்ப் பயணம். புதுக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் பொருத்த வேண்டும். பெட்டியைத் தூக்கும்போது வாசலில் நின்று மூன்று தடவை திரும்பிப் பார்த்தார். மனைவியைப் பார்த்ததாக அவள் நினைத்துக்கொண்டாள்.

"நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதம்மா. ஈரம் பட்டாலும் பரவாயில்ல, வந்து நானே எடுத்து வைக்கிறேன்."

"பூஞ்சை உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்குமா? போங்க, பஸ் போயிடும்."

அவர் போன பிறகு அவள் சின்ன அறைக்குள் நுழைந்தாள். குப்பை வண்டி நினைப்போடுதான் நுழைந்திருப்பாள் என்று எதிர்வீட்டம்மா இன்றைக்கும் சாதிக்கிறாள். அது அபாண்டம். சுவரோரத்துப் பெட்டி ஒன்றைத் திறந்தபோது, அதற்குள் ஒவ்வொரு கேட்ரிட்ஜையும் கணவர் தன் பழைய காலுறைக்குள் நுழைத்து வைத்திருப்பதைப் பார்த்தாள். ஒற்றைக் காலுறைகள். வருஷக்கணக்காகத் துணி துவைக்கும் இடத்தில் அவள் தேடிக்கொண்டிருந்த ஜோடிகள். கோபம்தான் வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்துவிட்டது. இந்த மனிதருக்குப் பொருளைப் பாதுகாக்கத் தெரியவில்லையே தவிர, பாதுகாக்கும் ஆசை எவ்வளவு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

'எடுத்து வைக்கிறதுன்னா என்னன்னு காட்டுறேன்' என்று புடவையை இழுத்துச் செருகினாள்.

மரக்கடையிலிருந்து கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி வந்தது. வெயில் படாத, ஈரமில்லாத சுவராகப் பார்த்து நிறுத்தினாள். டிஸ்க் பெட்டிகளைப் படுக்க வைக்காமல் புத்தகம்போல் நிமிர்த்தி அடுக்கினாள். ஒயர்களை உருட்டி நூல் கட்டினாள். புது வாட்ச் டப்பாக்களில் வரும் ஈரம் உறிஞ்சும் குட்டிப் பொட்டலங்களைக் கடையிலிருந்து கொண்டுவந்து தட்டுக்கு இரண்டாகப் போட்டாள். கேட்ரிட்ஜுகளின் வாயைப் பஞ்சால் துடைத்தாள்.

அப்போதுதான் ஒன்றை ஆட்டிப் பார்த்து, திருகாணியைக் கழற்றி, உள்ளே எட்டிப் பார்த்தாள். சாதாரணத் திருப்புளிக்கு மசியாத திருகாணி. அவளிடம் மசியாத திருகாணி உண்டா? உள்ளே பச்சைப் பலகையின் மூலையில் வட்டமாக ஒரு பேட்டரி.

வாட்ச் தொழிலில் இதற்கு இரண்டு பேச்சே இல்லை. ரொம்ப நாளைக்கு எடுத்து வைக்கப்போகும் வாட்ச் என்றால் முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது. விட்டுவைத்தால் அது என்றைக்காவது கசிந்து, உள்ளே இருப்பதை எல்லாம் அரித்துத் தின்றுவிடும். இதைச் செய்யாமல் வாட்சைப் பெட்டியில் பூட்டிவைத்துக் கெடுத்த வாடிக்கையாளர்களை அவள் கடையில் நிற்கவைத்துத் திட்டியிருக்கிறாள். சொந்த வீட்டில் சும்மா விடுவாளா? பேட்டரி இருந்த கேட்ரிட்ஜை எல்லாம் பொறுக்கி எடுத்து, சூட்டுக்கோலால் ஈயப் பற்றை இளக்கி, ஒவ்வொரு பேட்டரியையும் அலுங்காமல் கழற்றினாள். கழற்றியதை வீசினாளா? இல்லை. வாட்ச் உதிரிக்குப் போடும் குட்டிக் கவர்களில் ஒவ்வொன்றாகப் போட்டு, எந்த கேமுடையது என்று மேலே எழுதி, அந்தந்த கேட்ரிட்ஜின் முதுகில் செருகி வைத்தாள். அலமாரியைப் பூட்டிச் சாவியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தவளுக்கு அன்றைக்கு நல்ல தூக்கம்.

மெக்கானிக் திரும்பி வந்தார். அலமாரியைப் பார்த்தார். கண்ணாடிமேல் கை வைத்தபடி அப்படியே நின்றார்.

"என்னங்க, எப்படி இருக்கு?"

"கடை மாதிரி இருக்கும்மா" என்றார். "நம்ம வீடு மாதிரியே இல்ல."

வீட்டில் அதைவிடப் பெரிய பாராட்டு எதுவும் அவளுக்குக் கிடைத்ததில்லை. சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினாள். அன்று முழுக்க வாடிக்கையாளர்களிடம் கரிசனமாகப் பேசினாள் என்று பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் ஆச்சரியப்பட்டார்.

பெருமை யாரிடமாவது சொன்னால்தானே முழுசாகும்? இரண்டு நாள் கழித்து நாத்தனாருக்குப் போன் போட்டாள். நாத்தனார் டிரைவிங் ஸ்கூல் டீச்சர். வீட்டில் பேசுவதும் பக்கத்து சீட்டிலிருந்து கத்துவதுபோலவே இருக்கும். அண்ணன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அண்ணனும் தங்கையும் ஒரு பழைய கால்பந்து கேமை எடுத்து உட்காருவார்கள். பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்த கோப்பைப் போட்டி, இரண்டு பேருக்கும் கல்யாணமாகியும் முடியவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமையும் அதற்குத்தான் வருகிறாள்.

"...நிமிர்த்தி வச்சேன், ஈரம் புடிக்காம பொட்டலம் போட்டேன். பேட்டரிகூட ஒண்ணு விடாம கழட்டிட்டேன்னா பாத்துக்க!"

மறுமுனையில் சத்தமே இல்லை. நாத்தனார் சும்மா இருந்தாலே ஏதோ விபத்து என்று அர்த்தம்.

"அண்ணி... கால்பந்து கேமோடதையுமா?"

"எல்லாத்தோடதும்தான். ஏன்?"

"போச்சு! அண்ணி, அந்த பேட்டரிதான் ஆடினத எல்லாம் ஞாபகம் வச்சிருக்கும். கழட்டின நிமிஷமே எல்லாம் அழிஞ்சிரும். எங்க கோப்பை, கோல் கணக்கு, ஒண்ணும் இருக்காது!"

வாட்ச் கடைக்காரி ஸ்டூலில் உட்கார்ந்தாள். "திரும்பப் போட்டா?"

"திரும்பப் போட்டா பேட்டரி இருக்கும். ஞாபகம் இருக்காது."

வாட்சில் பேட்டரி போனால் நேரம் நிற்கும். புதுசு போட்டு முள்ளைத் திருப்பினால் தீர்ந்தது. இப்படி ஒரு பேட்டரி உலகத்தில் இருக்கும் என்று அவள் எங்கே கண்டாள்?

அழிந்ததுகூடப் பெரிதில்லை அவளுக்கு. குப்பை வண்டி, குப்பை வண்டி என்று இத்தனை வருஷமாய் ஜன்னல் திறந்து முழங்கியவள் அவள்தான். இப்போது போய், 'தெரியாமல் செய்துவிட்டேன்' என்றால் எவன் நம்புவான்? ஊர் நம்பாவிட்டால் போகட்டும். அவர்? கண்ணாடிமேல் கை வைத்துக்கொண்டு நின்ற அந்த மனிதர், 'வேணும்னே செஞ்சிட்டா' என்று மனசுக்குள் ஒரு நொடி நினைத்துவிட்டால்? வாய்விட்டுக் கேட்கமாட்டார். அதுதான் இன்னும் பயம்.

"அண்ணன்கிட்ட நான் சொல்லிடவா அண்ணி?"

"நீ வாயத் திறந்தே, அவ்வளவுதான். நானே சொல்லிக்கிறேன்."

சொல்லத்தான் பார்த்தாள். சாப்பாடு போடும்போது "என்னங்க, அந்த கேம்..." என்று ஆரம்பித்தாள். "அருமையா வச்சிருக்க, போ" என்று அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார். மறுநாள் "பேட்டரின்னு ஒண்ணு இருக்குல்ல..." என்றாள். "டார்ச்சுக்கா? வாங்கிட்டு வர்றேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினார். வாங்கியும் வந்தார், டார்ச்சே இல்லாத வீட்டுக்கு. கடையில் அவள் ஒரு கிழவரின் வாட்சில் நிமிஷ முள்ளைத் தலைகீழாகப் பொருத்திக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்து இறங்கினாள். வாசலிலேயே அண்ணியைக் கட்டிப்பிடித்து, "சொல்லியாச்சா?" என்று காதில் கேட்டாள். அவளுக்கு அதுதான் ரகசியக் குரல். மாடி வரைக்கும் கேட்டது. அண்ணி இல்லையென்று தலையாட்டினாள்.

மெக்கானிக் அலமாரியைத் திறந்தார். கால்பந்து கேட்ரிட்ஜை எடுத்தார். டிவியைப் போட்டார். மனைவி சமையலறை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, இப்போதாவது சொல்லிவிடு, சொல்லிவிடு என்று தன்னைத்தானே பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். திரையில் பாட்டு ஓடியது. கோப்பைப் பட்டியல் வரவேண்டிய இடம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அடடா! போன வாரம் இத கை தவறிக் கீழ போட்டுட்டேன். அதுல அழிஞ்சிருக்கும். என் தப்புதான், மன்னிச்சிரு பாப்பா" என்றார் தங்கையிடம்.

தங்கை அண்ணனைப் பார்த்தாள். அண்ணியைப் பார்த்தாள். டிரைவிங் டீச்சருக்கே எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை.

"எப்ப கீழ போட்டீங்க?" என்றாள் மனைவி.

"அது... போன வாரம்."

"போன வாரம் நீங்க ஊர்லயே இல்ல. பொய் சொல்லத் தெரியலன்னா எதுக்குங்க சொல்றீங்க? நான்தான் பேட்டரியக் கழட்டினேன். உங்களுக்குத் தெரியும், அப்படித்தானே?"

அவர் ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வந்த அன்னிக்கே தெரியும். நீ கடைக்குப் போனதும் திறந்து பாத்தேன்."

"அப்ப ஏன் ஒரு வார்த்த கேக்கல? நான் வேணும்னே பண்ணிட்டேன்னு..."

"என்ன பேசுற நீ?" மெக்கானிக்குக் கோபமே வந்துவிட்டது. "முதல்ல தலைல கை வச்சு உக்காந்துட்டேன், இல்லேங்கல. அப்புறம் அந்த கவரெல்லாம் பாத்தேன். ஒவ்வொண்ணுலயும் பேரு எழுதி, முதுகுல சொருகி... கெடுக்கணும்னு நினைக்கிறவ கவர் போட்டு வைப்பாளா? அழிஞ்சது தெரிஞ்சா நீ வருத்தப்படுவியேன்னுதான், இவகிட்ட நான் கீழ போட்டேன்னு சொல்லித் தீத்துடலாம்னு பாத்தேன்."

"அதுக்குத்தான் டார்ச்சு பேட்டரி வாங்க ஓடினீங்களா?"

"வேற எங்க ஓடுறது?"

நாத்தனாரால் அடக்க முடியவில்லை. சோபாவில் விழுந்து சிரித்தாள். "நல்ல ஜோடி! எனக்கும் புதன்கிழமையே தெரியும். மூணு பேருக்கும் தெரிஞ்ச விஷயத்த மூணு பேரும் மூடி வச்சிருக்கோம்!" சிரிப்பு அடங்கியதும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முகத்தில் திடீரென்று ஒரு குறும்புத் தந்திரம். "போனது போகட்டும். விடுண்ணா. நான் இவ்வளவு முன்னாடி இருக்கும்போது அழிஞ்சது எனக்குத்தான் நஷ்டம். ஆனா நான் பெருசா எடுத்துக்கல."

"யாரு முன்னாடி? நீயா?" மெக்கானிக் துள்ளி எழுந்தார்.

"ஆதாரம் இருக்கா?"

"ஆதாரம் அழிஞ்சு போச்சுன்னு தெரிஞ்சுதானடி பேசுற!"

"அப்ப நான்தான் முன்னாடி. பேச்ச முடி."

அத்தனை வருஷக் கோப்பைகள் போனபோதுகூட வராத தவிப்பு இப்போது மெக்கானிக் முகத்தில் வந்தது. அப்போது நிலைப்படியிலிருந்து மனைவி சொன்னாள்:

"அவருக்கு இருபத்தாறு கோப்பை. உனக்குப் பதினொண்ணு. கரண்ட் போய் பாதில நின்ன ஆட்டம் ஒண்ணு இருக்கு, அத நான் யார் கணக்குலயும் சேக்கல."

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அவர். "நீ ஒருநாளும் வந்து உக்காந்ததே இல்லையே."

"ஜெயிச்சாலும் தோத்தாலும் சமையலறைக்கு ஓடி வந்து, பள்ளிக்கூட நாள்லேருந்து மொத்தக் கணக்கையும் சொல்றது யாரு? நான் 'ம்'னு சொன்னா காதுல விழலன்னு அர்த்தமா?"

மெக்கானிக் எழுந்து போய் நாற்காலி ஒன்றை இழுத்து வந்து டிவிக்கு முன்னால் போட்டார். அதன்மேல் எதுவும் இல்லை. இருந்தும் உள்ளங்கையால் தூசி தட்டினார்.

"என்ன அண்ணி, இப்படி அண்ணன் பக்கம் சாஞ்சிட்டீங்க!" என்று நாத்தனார் முறைத்தாள். "சரி, வந்து உக்காருங்க. புதுப் போட்டி, மூணு அணி. உங்கள எப்படித் தோக்கடிக்கிறேன் பாருங்க."

"இரு" என்றாள் வாட்ச் கடைக்காரி, அடுப்பை அணைத்துவிட்டுப் பையிலிருந்து லென்ஸை எடுத்தபடி. "முதல்ல அந்தக் கேட்ரிட்ஜ இப்படிக் கொடுங்க. புது பேட்டரி போட்டுத் தர்றேன். இனிமே நீங்க சொல்றத எல்லாம் நானே ஞாபகம் வச்சிக்கிட்டு இருக்க முடியாது."