பின்கம்பி இல்லாத கப்பல்

என் தம்பி பச்சைமுத்து இருபத்திரண்டு ஆண்டுகள் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன். அவன் வேலை பார்த்த கப்பலைப் போலவே ஒரு சிறிய கப்பலைச் செய்து, படத்திறப்பன்று அவன் படத்துக்குக் கீழே வைப்பதாக அவன் மகன் கோகுலகிருஷ்ணன் ஊரெல்லாம் சொல்லிவிட்டான். அழைப்புப் பத்திரிகையிலும் அச்சடித்தாயிற்று. எங்கள் குடும்பத்தில் சொன்னால் செய்தாக வேண்டும். நான்கு நாள் இருக்கும்போது திண்டிவனத்தில் பஸ் ஏறி விழுப்புரத்தில் அவன் வீட்டுக்குப் போனேன்.

மரவேலை பரவாயில்லை. துண்டுகள் அளவாக வெட்டியே பெட்டியில் வருகின்றனவாம். அதில் பீற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. பித்தளைச் சாமான்களில்தான் இவன் லட்சணம் தெரிந்தது. நங்கூரம் ஆடியது. தளத்தைச் சுற்றி நிற்க வேண்டிய ஊசி உயரக் கம்பிக்கால்கள் தொட்டதும் கழன்று விழுந்தன.

"பசையே சரியில்ல பெரியப்பா. மூணு டியூப் காலி. ஒண்ணும் புடிக்க மாட்டேங்குது."

நங்கூரத்தை விரலில் எடுத்தேன். வழுக்கியது.

"இத யாரு தொடைச்சது?"

அவன் மனைவி இளவரசி சமையலறையிலிருந்து வந்தாள். "நான்தான் மாமா. கருத்துப்போய்க் கெடந்துது. வெள்ளிக்கெழம வெளக்கு தேய்க்கும்போது இதையும் புளி போட்டுத் தேச்சு, எண்ண தடவி வெச்சேன்."

நங்கூரத்தில் குங்குமப் பொட்டும் இருந்தது.

"எண்ண மேல பசை ஒட்டுமாடா? இன்ஜினியருக்குப் படிச்சவன்தான நீ? மூணு டியூப் வாங்கனவன் ஒரு தடவ தொட்டுப் பாத்திருக்கக் கூடாதா?"

எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் அலசித் துடைத்து, முப்பத்தாறு கால்களையும் இடுக்கியால் பிடித்து நானே நட்டேன். அவன் செல்போன் வெளிச்சம் காட்டினான். அதையும் நேராகக் காட்டவில்லை.

மிச்சம் இருந்தது பின்புறத்து வளைவுக் கம்பி. நேரான பித்தளைப் பட்டையை அரைவட்டமாக வளைக்க வேண்டும். கைக்குத் திமிறியது. அடுப்பில் சிவக்கக் காட்டி, சூட்டோடு வளைத்தேன். கொல்லன் பட்டறையில் அரிவாளை அப்படித்தான் வளைப்பார்கள். ஆனால் பித்தளை இரும்பு இல்லை. பிஸ்கட் போல மூன்று துண்டாக உடைந்தது. காய்ச்சி ஆறவிட்ட பிறகுதான் வளைக்க வேண்டும் என்று கோகுல் செல்போனில் பார்த்துப் படித்தான். உடைந்த பிறகு படித்தான்.

"வேற பட்டை வர பத்து நாளாவும். உடுங்க பெரியப்பா, அட்டையில வெட்டி கோல்டு கலர் அடிச்சிடலாம். யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும். உங்கப்பன் பேருக்குக் கீழ அட்டைய வெக்காத. அந்த எடம் காலியாவே இருக்கட்டும்."

தலையாட்டினான். தலையாட்டுவதில் கெட்டிக்காரன்.

படத்திறப்பன்று திண்டிவனம் மண்டபத்தில் ஒரே கூட்டம். "தத்ரூபமா கீது" என்றார்கள், ஒரு நாளும் கப்பலில் கால் வைக்காதவர்கள். நான் குனிந்து பார்த்தேன். பின்புறம் தங்கமாக மின்னியது. கப்பலைச் சுற்றிப் போட்டிருந்த பூமாலையின் ஈரம் பட்டு ஓரம் உப்பியிருந்தது. அட்டை.

இரண்டு விரலால் பிய்த்தெடுத்தேன்.

"எல்லாரும் பாக்கறாங்க பெரியப்பா," என்று கோகுல் முனகினான்.

"பாக்கட்டும்."

தம்பியோடு கப்பலில் வேலை பார்த்த முருகையன் முன்வரிசையிலிருந்து எழுந்து வந்தார். "ஏங்க, பின்னால கம்பியக் காணமே?"

"நான்தான் ஒடைச்சேன்," என்றேன், மண்டபத்துக்கே கேட்கும்படி.

"சூட்டோட வளைச்சீங்களாக்கும்."

"ஆமா."

அட்டையைக் கசக்கிக் கோகுலின் சட்டைப்பையில் திணித்துவிட்டு, தம்பி படத்தை மூடியிருந்த துணியை விலக்கினேன்.