மாதம் பத்து யூரோ

ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாடு முடிந்ததும் டெட்லெஃப் மேசையிலிருந்த ரொட்டித் துணுக்குகளைக் கையால் வழித்துத் தள்ளிவிட்டு, கட்டம் போட்ட தாளை விரித்தான். ஓய்வுபெற்ற முதல் மாதம். பென்ஷன் இவ்வளவுதான் என்று தெரிந்ததிலிருந்து மனுஷன் அறை அறையாகப் போய் விளக்கை அணைத்துக்கொண்டு திரிந்தான். பேனா மனைவி கெஸீனாவின் கையில். அவர்கள் தாம்பத்தியத்தில் எழுதுவது அவள் வேலை, முடிவு செய்வது அவன் வேலை.

வாடகை, ஹீட்டர், மின்சாரம், காப்பீடு எல்லாம் சண்டையில்லாமல் ஏறின. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவள் குத்தகைக்கு வைத்திருந்த தோட்டத் துண்டு வந்ததும் அவன் தலையை ஆட்டினான்.

“அத அடிச்சிடு. உருளைக்கிழங்கு கடையில கெடைக்காதா என்ன?”

அவள் அடிக்கவில்லை. வாரம் முழுக்க பேக்கரியில் நின்ற கால்களுக்கு அந்த மண்ணை மிதித்தால்தான் வலி இறங்கும். அது தெரிந்தேதான் சொல்கிறான்.

“அடுத்து ஆங்கெ,” என்றான்.

ஆங்கெ அவனுடைய முதல் மனைவி. அந்த ஊரில் கல்லறையும் குத்தகைக்குத்தான்; அவளைப் புதைத்த இடத்தின் குத்தகை இந்த இலையுதிர் காலத்தோடு முடிகிறது. புதுப்பிக்காவிட்டால் கல்லைப் பிடுங்கிவிட்டு வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.

“மாசம் எழுபது எடுத்து வைக்கணும். பூ செலவு தனி.”

“செத்தவளுக்கு நெலம் உண்டு, எனக்குக் கெடையாதா?”

“அது அவ எடம் மட்டும் இல்ல கெஸீனா. என் எடமும்தான்.”

உண்மைதான். ஆங்கெயைப் புதைத்தபோதே கல்லில் அவன் பெயரையும் பிறந்த தேதியையும் வெட்டியாகிவிட்டது. ஒவ்வொரு நவம்பரிலும் பாசி போகத் தேய்ப்பவள் கெஸீனாதான்.

“அப்ப என்னை எங்க வைப்பே?”

இத்தனை வருடம் கேட்காத கேள்வி. கேட்டது அவளுக்கே வெட்கமாக இருந்தது. அவன் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் தேவலை. கன்னத்தைச் சொறிந்துகொண்டு நிஜமாகவே யோசித்தான்.

“பேர் போடாம புல்தரையில சாம்பலைப் புதைக்கிறாங்கல்ல, அது மலிவு. பராமரிப்பும் கெடையாது. மாசம் பத்துன்னு போட்டுக்க.”

எழுதினாள். குப்பை வரிக்கும் தொலைபேசிக்கும் நடுவில் இடம் இருந்தது. பிறகு தோட்டத்தின் மேல் கோடு இழுத்தாள்.

அவன் கூட்டிப் பார்த்தான். முகம் மலர்ந்தது. “பாத்தியா, எட்டு யூரோ மிச்சம்! மாசக் கடைசியில நாம ரெண்டு பேரும் போய் ஆளுக்கொரு கேக் சாப்பிடலாம்.”

கெஸீனா ‘கேக்’ என்று எழுதினாள். பக்கத்தில் ‘ஒரு ஆளுக்கு மட்டும்’ என்று போட்டாள். எந்த ஆள் என்று எழுதவில்லை. தாளை அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.