இருட்டுக் காம்பராவுக்கு ஒரு செடி

“வெளிச்சமே இல்லாத காம்பராவுக்கு ஒரு செடி வேணும் நானா” என்று ஜெயந்தினி கேட்டதும், கந்தப்பளைக் கடைத்தெருவில் பூந்தொட்டி விற்கும் மஃறூப் நானா யோசிக்காமல் ஒன்றைத் தூக்கி வைத்தார். இலைகள் வாள்போல விறைத்து நின்றன.

“இத எடுங்க தங்கச்சி. இருட்டுல வச்சாலும் அது பாட்டுக்குக் கெடக்கும். தண்ணி ஊத்த மறந்தாலும் கோவிச்சுக்காது.”

இருட்டில் அது பாட்டுக்குக் கிடக்கும் ஒன்று ஏற்கனவே வீட்டுக் கட்டிலில் இருக்கிறது என்று ஜெயந்தினி நினைத்துக்கொண்டாள். அவள் புருஷன் யோகேஸ்வரன், தோட்டத்தில் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன்; செடி மறுபடி துளிர்க்கக் கிளைகளை மட்டமாகக் கழித்துவிடும் வேலை. மழையில் சரிவில் வழுக்கி இடுப்பை முறித்துக்கொண்டான். எலும்பு கூடிவிட்டது, இனி நடக்காவிட்டால் கால் விறைத்துப்போகும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆனால் பயம் போகவில்லை. அவள் தோளைப் பிடிக்காமல் ஓர் அடி வைக்கமாட்டான். மலை முழுக்க ஏறி இறங்கிய மனுஷன், கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, தோட்டத்து லயத்தில் பகலிலும் பல்பு எரிகிற அந்தச் சன்னலில்லாத ஒற்றை அறைக் காம்பராவுக்குள் சுருங்கிவிட்டான். அதை நினைத்தால் அவளுக்கு அழுகையும் வரும், ஆத்திரமும் வரும்.

அவள் கை சிவப்பும் பச்சையுமாக இலை விரித்த வேறொரு செடியிடம் போனது.

“அது சரிவராது. தெனமும் யாராச்சும் வெளிச்சத்துக்குத் தூக்கி வைக்கணும்.”

“அதுதான் வேணும் நானா” என்றாள் ஜெயந்தினி.

வீட்டுக்கு வந்து அவன் கட்டில் பக்கத்தில் தொட்டியை வைத்தாள். “நான் காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போனதும் இத வாசப்பக்கம் வச்சிருங்க.”

“வாசல்ல வைக்கிற செடிய என்னாத்துக்கு உள்ளுக்குக் கொண்டாந்த?” என்றான் அவன், சுவரைப் பார்த்தபடி.

அவளும் பிடிவாதமாகத் தொட்டியைத் தொடவில்லை. செடிதான் பாவம். வாசல் பக்கமாகக் கழுத்தை நீட்டி, நிறம் வெளுத்து, தண்டு மட்டும் நீளநீளமாக வளர்ந்தது. தினமும் மலையில் கொழுந்து பறிக்கையில் அவளுக்குச் செடி நினைப்பும் புருஷன் நினைப்பும் ஒன்றாகவே வந்தன. இரண்டையும் சேர்த்துக் கொன்றுவிடுவோமோ என்று பயந்தாள்.

ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தவள் கூடையோடு அப்படியே நின்றுவிட்டாள். தொட்டியில் இலையே இல்லை. குச்சிகள் ஒரே மட்டத்தில், தேயிலைக்கு வெட்டுவதுபோலச் சாய்வெட்டாக வெட்டப்பட்டு நின்றன. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தேவிட்டது.

“ஐயோ, என்னாங்க இது! பூஞ்செடிய யாராச்சும் கவ்வாத்து வெட்டுவாங்களா?”

“பின்ன? கண்ணு முன்னாடி ஒரு செடி கொடியாட்டம் ஓடுது. எம்புட்டு நாளைக்குத்தான் பாத்துக்கிட்டுக் கெடக்குறது?” என்றான் யோகேஸ்வரன். “வெட்டுனாத்தான் துளிர்க்கும்.”

அவள் இன்னும் ஏச வாயெடுத்தாள். அப்போதுதான் மெத்தை ஓரத்தில் கவ்வாத்துக் கத்தி கிடப்பதைப் பார்த்தாள். அவன் விழுந்த நாளிலிருந்து அது வீட்டு முன்னால், இஸ்தோப்புத் திண்ணையின் கூரைக்கட்டையில் தொங்கியது. அவளே எக்கித்தான் எடுக்கவேண்டும்.

“கத்திய யாரு எடுத்துக் குடுத்தா?”

“யாரு குடுப்பா? லயத்துல ஒரு குஞ்சு இல்ல. எல்லாரும் மலையில.”

ஜெயந்தினி கட்டிலிலிருந்து வாசல்வரை கண்ணால் அளந்தாள். கத்தியை எடுத்துவைக்க நீட்டிய கையைப் பாதியில் இழுத்துக்கொண்டாள். மொட்டைத் தொட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“எடுத்த எடத்துலயே கொண்டுபோய் மாட்டிருங்க” என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனாள்.

பனி இறங்குவதற்குமுன் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. குச்சிகளை அதற்குக் காட்டியபடி, திரும்பிப் பார்க்காமல் நின்றாள். உள்ளே கட்டில் முனகியது.