இரண்டு பேருக்கான தொய்வு

ஆடிக் காற்று. தென்னை மட்டைகளுக்கு நடுவே வெயில் உடைந்து உடைந்து விழுகிறது. வாசலில் நிற்கும் புல்லட்டின் டேங்கில் ஒரு துண்டு வெளிச்சம், தண்ணீர் போல ஆடுகிறது.

பூங்கோதை அதைத் துணியால் துடைக்கிறாள். வெளிச்சம் போகவில்லை. மறுபடியும் துடைக்கிறாள்.

இந்த வண்டி பனிமலைக்குப் போக வேண்டும். உடுமலையிலிருந்து லடாக் வரை. கல்யாணமான புதிதில் நாச்சிமுத்து அவளிடம் சொன்னது அது. சொன்னவர் பஸ் டிரைவரானார். ஊரையே ஏற்றி இறக்கினார். பனிமலை மட்டும் தள்ளிக்கொண்டே போனது.

இப்போது அவர் பார்வை சுருங்கி வருகிறது. ஓரமெல்லாம் இருட்டு. நடுவில் மட்டும் ஒரு சின்ன வட்டம். அதுவும் இன்னும் கொஞ்ச காலந்தான் என்றார் டாக்டர். வண்டி ஓட்டவே கூடாது என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து சாவியை ஆணியில் மாட்டினார் நாச்சிமுத்து. அப்புறம் அதைத் தொடவேயில்லை.

தொட்டவள் பூங்கோதை. ஓட்டினாள், விழுந்தாள். முழங்கை சிராய்த்தது. எழுந்தாள். மறுபடி விழுந்தாள். மழை போய், பனி போய், ஒரு நாள் வண்டி அவள் சொன்னபடி கேட்டது. லைசன்ஸும் வந்தது.

"நான் ஓட்டறேனுங்க. நீங்க பொறகால உக்காருங்க."

"நீ வேணா போயிட்டு வா புள்ள. என்னையொரு மூட்டையாட்டம் கட்டித் தூக்கிட்டுப் போகோணுமா?"

அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

அவள் பாட்டுக்கு வேலை செய்தாள். ஆயில் மாற்றினாள். இரு பக்கமும் பைகளைக் கட்டினாள். ஸ்வெட்டர் இரண்டு வைத்தாள். சக்கரத்துக் கம்பிகளை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டினாள். டிங். டிங். டிங். மத்தியானம் முழுக்க அந்த ஓசை, தூக்கத்தில் கேட்கும் கோயில் மணி போல.

கடைசியாக செயின். இறுக்கினாள். சக்கரத்தைச் சுற்றினாள். கரகரவென்று ஒரு முனகல்.

நாச்சிமுத்து எழுந்து வந்தார். குனிந்து, செயினை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"எதுக்குப் புள்ள இந்த இறுக்கு இறுக்கியிருக்கற? ரெண்டு பேரு பாரத்துக்கு அறுந்து போயிரும். கொஞ்சம் தொய்வு வுடோணும்."

"ரெண்டு பேரா? ரெண்டாவது ஆளு யாருங்க?"

அவர் கையை மட்டும் நீட்டினார்.

அவள் ஸ்பேனரை அதில் வைத்தாள்.

கண்ணை மூடிக்கொண்டு தளர்த்தினார். ஒரு திருகு. அழுத்திப் பார்த்தார். இன்னும் அரைத் திருகு. அவர் விரல்களைப் பார்த்தபடியே நின்றாள் பூங்கோதை. சிரிக்கவில்லை. சிரித்தால் அழுதுவிடுவாள்.

கிளம்பிய காலையில் தூறல். ஹெல்மெட்டில் பொட்டுப் பொட்டாக வெள்ளி. பின்சீட்டில் ஏறியவரின் கைகள் அந்தரத்தில் தவித்தன.

"எங்க புடிக்கறதுன்னே தெரியலியே."

"இத்தன வருசமா நான் எங்கீங்க புடிச்சேன்?"

ஒரு கை அவள் இடுப்புக்கு வந்தது. கொஞ்சம் பொறுத்து, இன்னொன்று.

தாராபுரம் ரோடு. ஈரக் காற்று. வரிசை வரிசையாகக் காற்றாலைகள், வெள்ளை வெள்ளையாய், அவசரமே இல்லாமல். அவரது சின்ன வட்டத்துக்குள் ஒன்று நுழைந்தது. சுழன்றது. நழுவியது. இன்னொன்று வந்தது.

வாழ்நாளெல்லாம் ரோட்டைப் பார்த்தவர், நிமிர்ந்து, வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.