பதினான்காவது ஆளின் புத்தகம்

இறந்துபோன சரித்திர வாத்தியாரின் வீட்டுச் சாமான்களை ஒன்பது மணிக்குத்தான் விற்க ஆரம்பிப்பார்கள். ரோஷெல் ஆறு மணிக்கே வந்து வாசலில் முதல் டோக்கனை வாங்கிவிட்டாள். மார்ச் மாதக் குளிர் பூட்ஸுக்குள் புகுந்து விரலைக் கடித்தது. கடிக்கட்டும். உள்ளே ஃப்ராங்க்ளின் பியர்ஸ் இருந்தார்.

அமெரிக்க ஜனாதிபதிகளின் வாழ்க்கை வரலாறுகள். தோல் அட்டை, ஏட்டோரத்தில் தங்கப்பூச்சு, பட்டு நாடா. மாதம் ஒன்றாகத் தபாலில் வந்த வரிசை அது. பேர்போனவர்களை முதலில் அனுப்பினார்கள். அவர்கள் வந்ததும் பாதிப் பேர் சந்தாவை நிறுத்திவிட்டார்கள். அதனால் லிங்கன் பழைய சாமான் கடைகளிலெல்லாம் கிடப்பார். யாருக்கும் வேண்டாத பியர்ஸ்தான் கிடைக்கவே மாட்டார். பதினான்காவது ஜனாதிபதி, இந்த நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலிருந்து போன ஒரே ஆள், சொந்த ஊர்க்காரர்களே பேச்செடுக்காத ஆள். எட்டு வருடச் சேகரிப்பில் ரோஷெலுக்கு அவர் ஒருவர்தான் பாக்கி.

"ஏய் ரோஷெல்! நீயாடி? எப்பலேருந்து நிக்கிற?"

கோர்ட்னி. தாத்தா வக்கீல், அப்பா வக்கீல், புருஷன் வக்கீல். கல்லூரி விடுதியில் அவள் பாதி தின்றுவிட்டு மேஜையிலேயே விட்டுப்போன தட்டுகளைப் படிப்புச் செலவுக்காகக் கழுவியவள் ரோஷெல். வகுப்பில் ரோஷெல்தான் முதல். வேலை என்னவோ கோர்ட்னிக்குத்தான் காத்திருந்தது.

"இப்பதான் வந்தேன்."

"எங்க ஆபீஸ் அலமாரில ரெண்டடி காலியா கெடக்கு. பழுப்புத் தோல் புக்கா வேணும். என்ன புக்கா இருந்தா என்ன?" கோர்ட்னி அளவு நாடாவை ஆட்டிக் காட்டினாள்.

முதல் பத்து டோக்கனை ஒன்றாக உள்ளே விட்டார்கள். கோர்ட்னியுடையது ஒன்பது. ரோஷெல் படிப்பறைக்கு ஓடினாள். பதவி வரிசைப்படி அடுக்கியிருந்தது. ஃபில்மோர், அடுத்து புக்கானன். நடுவில் ஓட்டை. சேகரிப்பவர்கள் பார்க்கிற இடத்தைத்தான் அவளும் பார்த்தாள். இப்படிப்பட்ட புத்தகத்தை ஒருவர் படிக்க எடுத்திருப்பார் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

கோர்ட்னி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். ஒரு கையில் மேஜை விளக்கு, அக்குளில் பியர்ஸ்.

"வாத்தியாரோட தலைமாட்டுல இருந்துச்சு. விளக்குக்கு மேட்சா இருக்குல்ல?"

கையில் எடுத்தது எடுத்தவருக்கு. அதுதான் அங்கே சட்டம்.

"உள்ள பூரா பென்சில் கிறுக்கலா இருக்கும், கோர்ட்னி. மதிப்பே கெடையாது."

"யாருடி அதைத் தொறக்கப் போறா?"

ரோஷெல் தன் பையிலிருந்து லிங்கனை எடுத்தாள். அந்த வரிசை இரண்டு மூன்று பழுப்பில் வந்ததால், நிறம் பார்க்க எப்போதும் ஒன்றைக் கொண்டுபோவாள். ஏற்கெனவே கெட்டுப்போன பிரதி என்பதால் அதை.

"மாத்திக்கலாமா?"

"லிங்கனா! வர்ற கட்சிக்காரங்களுக்கு இவரையாவது தெரியும். அப்புறம் வருத்தப்படக் கூடாது, ஆமா!"

இருவருமே அடுத்தவளை ஏமாற்றிவிட்ட சந்தோஷத்தோடு பிரிந்தார்கள்.

வீட்டில் பியர்ஸைச் செருகியதும் லிங்கன் இருந்த பதினாறாவது இடத்து ஓட்டை கண்ணை உறுத்தியது. கணினியைத் திறந்தாள். பன்னிரண்டு டாலருக்குப் புத்தம் புது லிங்கன்கள் வரிசையாக நின்றார்கள். அவள் வாங்கவில்லை.

கெட்டுப்போன பிரதி. கெடுத்தது அப்பா. அவள் கல்லூரிக்குக் கிளம்பிய அன்று, காகித ஆலையில் இரவு வேலை முடித்து வந்த கையோடு அதை நீட்டினார். புத்தகத்தோடு வந்த பெயர்ச் சீட்டை உள்ளட்டையில் மரப் பசையால் கோணலாக ஒட்டி, கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்: 'ரோஷெல் பூஷார். எங்கள் வீட்டில் முதல்.' பெயர் ஒட்டினால் மதிப்புப் போய்விடும் என்று அவர் சாகும்வரை சொல்லிக் காட்டியிருக்கிறாள்.

எல்லாமே அப்பன் வழியில் கிடைத்தவள் கோர்ட்னி. இப்போது ரோஷெலுடைய அப்பனும் அவள் அலமாரியில்.

போன் செய்தாள்.

"அந்த லிங்கனைத் திருப்பிக் குடுடி. வேற லிங்கன் வாங்கித் தரேன். பியர்ஸையும் வச்சுக்கோ."

"அட, வரிசையா அடுக்கி முடிச்சாச்சு. கச்சிதமா பொருந்திருச்சு." கோர்ட்னி சிரித்தாள். "காலேஜ்லேருந்தே உனக்கு என்கிட்ட இருக்கறது மேலதான் கண்ணு."

இதுவரை அது உண்மைதான். இந்த ஒன்று மட்டும்தான் முதலிலிருந்தே ரோஷெலுடையது.