மசூதாவின் வாயில் ஓர் அமானிதம்

நீராவிப்பிட்டியில் ஒரு செய்தி பரவ வேண்டுமென்றால் மசூதாவின் காதில் போட்டால் போதும். "ரேடியோவுக்குக் கரன்ட் வேணும், இவளுக்கு அதுவும் தேவையில்ல" என்று அவளுடைய கணவன் நியாஸே சந்தியில் சொல்லிச் சிரிப்பான். கெட்ட மனசு இல்லை, செல்லங்களே. நல்ல செய்தி கேட்டால் அவளுக்கு நெஞ்சு தாங்காது, அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவளுடைய குசினியில்தான், மீன் பொரித்த வாசத்துக்கு, பக்கத்து வளவுச் சுரேகா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். மசூதா பின்னால் ஓடி முதுகைத் தடவினாள். தடவிய கை அப்படியே நின்றது.

"பிள்ளை... அதுவா?"

சுரேகா தலையை ஆட்டினாள். கலியாணமாகி ஒன்பது வருசம். இரண்டு தடவை வந்து தங்காமல் போனது. இரண்டாவது தடவை ஊருக்கெல்லாம் சொன்னவள் மசூதாதான்.

"போனமுறை சந்தோசத்தை நீங்க சொன்னியள். பிறகு, இல்லையெண்டு வீடு வீடா நான்தானே அக்கா சொன்னனான்." குரலில் கோபமில்லை, அதுதான் சுட்டது. "மூண்டு மாசம் முடியட்டும். இவருக்கு மட்டும்தான் தெரியும். மாமிக்கே சொல்லேல்ல. அக்கா, இது அமானிதம்."

இரகசியம் என்று சொல்லியிருந்தால், பின்னேர அஸர் தொழுகைக்கு முன்னமே மசூதா ஒருத்தியிடமாவது சொல்லியிருப்பாள். ஆனால் அமானிதம்! நம்பி ஒப்படைத்த பொருள். மறுமையில் அதற்குக் கேள்வி உண்டு. கோயிலுக்குப் போகிற பிள்ளை, மசூதாவின் வாயால் கேட்டுக் கேட்டுப் பழகிய சொல்லை எடுத்து அவளுடைய கையிலேயே வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து ஐந்து நேரத் தொழுகைக்குப் பின்னும் ஒரே துஆ.

"யா அல்லாஹ், நம்பித் தந்ததைக் காக்கிறவளா என்னை ஆக்கு. நம்பினவங்களுக்குத் துரோகம் செய்யாம என்னைக் காப்பாத்து. என்ர நாக்கை நீயே பிடிச்சுக்கொள். சுரேகாட வயித்தில இருக்கிறதை என்ர வாயால வெளிய விடாத, ரப்பே."

துஆ கேட்டு எழும்பினால் சோதனை வேலியில் நிற்கும். "மருமகள் ஒழுங்காச் சாப்பிடுறாளில்ல மசூதா, என்னவெண்டு விளங்கேல்ல" என்பாள் சுரேகாவின் மாமி ஞானேஸ்வரி. மசூதா அவசரமாக ஒரு பேரீச்சம்பழத்தை வாய்க்குள் திணித்துக்கொண்டு "ம்ம், ம்ம்" என்பாள். ஐம்பது நாளில் எத்தனை பழம் முடிந்ததோ! நியாஸ் அவளுக்குச் சீனி வருத்தம் வரப்போகிறதென்று பயந்தான்.

ஐம்பத்தோராம் நாள், சுரேகாவின் வளவுக்கு மறுபக்கத்து மத்ரசாவில் பெண்கள் கூட்டம். முற்றத்தில் கொட்டகை, ஸ்பீக்கர் பெட்டி நேரே சுரேகாவின் வளவைப் பார்த்தபடி. கடைசியில் துஆ ஓத வேண்டிய ஆலிமாவுக்கு, மார்க்கம் படிப்பிக்கிறவளுக்கு, தொண்டை கட்டிவிட்டது.

"மசூதா ராத்தா, உங்களுக்குத்தான் குரல் இருக்கே. நீங்க ஓதுங்கோ" என்று கரகரத்தபடி அவள் மைக்கை நீட்டினாள்.

மைக்! மசூதாவின் வாழ்க்கையிலேயே முதல் மைக். கைகளை ஏந்தினாள், கண்ணை மூடினாள். எந்தத் துஆ வரும்? நாக்கு பழகிய துஆதான் வந்தது.

"யா அல்லாஹ், நம்பித் தந்ததைக் காக்கிறவளா என்னை ஆக்கு..."

"ஆமீன்!" கொட்டகையே அதிர்ந்தது.

மசூதாவுக்கு உற்சாகம் தலைக்கேறியது. துரோகத்துக்கும் ஒரு ஆமீன், நாக்குக்கும் ஒரு ஆமீன். அடுத்தது, நாக்கு தன்பாட்டில் ஓடியது.

"சுரே..."

கண் திறந்துவிட்டது. முன்னால் எண்பது பெண்கள் ஏந்திய கையோடு. வேலிக்கு அப்பால் சுரேகாவின் குசினிக் கதவு. ரப்பே, பிடி, பிடி!

"...சூ... சூறத்துல் பாத்திஹா ஓதுவம்!"

எல்லோரும் ஓதத் தொடங்கிவிட்டார்கள். "மசூதாட துஆ இவ்வளவு கெதியா முடிஞ்சுதா? இண்டைக்கு மழைதான்" என்று பின்வரிசையில் ஒருத்தி முணுமுணுத்தது மட்டும் கேட்டது.

செருப்பைக்கூடத் தேடாமல் மசூதா வேலிப் பொட்டு இடைவெளிக்குள்ளால் நுழைந்து ஓடினாள். குசினி வாசலில் சுரேகா வயிற்றில் கைவைத்துக் குலுங்கிக்கொண்டு நின்றாள். அழுகிறாளென்று நினைத்து மசூதா இன்னும் வேகமாக ஓடினாள். கிட்டப் போனால், சிரிப்பு!

"'சுரே' எண்டதும் எனக்கு மூச்சே நிண்டு போச்சக்கா!"

"வந்திட்டுது பிள்ளை. பல்லு வரைக்கும் வந்திட்டுது."

"ஆனா விடேல்லையே." சுரேகா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "நேற்றோட மூண்டு மாசம் முடிஞ்சுது. ஸ்கானில இதயம் துடிச்சதைப் பாத்தனாங்கள். அந்தா, மாமி வாறா. நீங்களே சொல்லுங்கோ."

"நானா?"

"ஓம், நீங்கதான். ஐம்பது நாள் வைச்சிருந்தது நீங்கதானே."

ஞானேஸ்வரி ஒரு கட்டு முளைக்கீரையோடு வந்தாள். மசூதா வாயைத் திறந்தாள். ஒரு சொல்லும் வரவில்லை. இன்னொரு தடவை திறந்தாள், காற்றுத்தான் வந்தது. பிடி என்று கேட்டவளுடைய நாக்கை அல்லாஹ் இன்னும் விடவில்லை போலிருக்கிறது.

"என்ன மசூதா, திரும்பவும் பேரீச்சம்பழமோ?"

மசூதா இல்லையென்று தலையாட்டினாள். கண்ணால் தண்ணீர் ஓடியது. கீரைக்கட்டைப் பறித்துக் கீழே போட்டாள். ஞானேஸ்வரியின் கையை இழுத்துச் சுரேகாவின் வயிற்றில் வைத்தாள்.

ஞானேஸ்வரி போட்ட கூச்சலில் மத்ரசாக் கொட்டகையில் இருந்த எண்பது பேரும் எழும்பிவிட்டார்கள். அதற்கு மைக் தேவைப்படவில்லை.