டப்பாவில் போட்டு வைத்த இடம்

வீட்டில் மிச்சம் பிடிக்கிற இடத்தை நீங்கள் எதில் போட்டு வைக்கிறீர்கள்? பிளாஸ்டிக் டப்பாவிலா? அப்படியென்றால் இந்நேரம் அதில் பாதி கசிந்து பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கும், எழுந்து போய்ப் பாருங்கள். இடத்துக்கு எவர்சில்வர்தான் சரி. மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். அடியில் இரண்டு காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டுவிட்டால் எறும்பு குடியேறாது. முக்கியமாக, ஈரக் கையால் தொடக்கூடாது. ஈரம் பட்டால் இடம் அவல் மாதிரி ஊறிக்கொள்ளும். அப்புறம் மூடி மூடாது.

வாணி இதையெல்லாம் தானாகவே கற்றுக்கொண்டாள். முதலில் கொஞ்ச நாள், சின்ன வீட்டுக்கு யோசனை சொல்லும் ஓர் அக்காவை செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அக்காவின் சமையல் மேடையில் வாணியின் வீட்டை இரண்டு தடவை இறக்கி வைக்கலாம். "சின்னக் கிச்சன்ல கஷ்டப்படற என்னை மாதிரி அம்மாக்களுக்காக" என்று சொல்லிவிட்டு, அந்த அக்கா மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து போவாள். அவள் போய்ச் சேருவதற்குள் வாணியின் அடுப்பில் சாதம் குழைந்துவிடும். ஒரு வாரம் குழைந்த சாதம் சாப்பிட்ட பிறகு வாணி அந்த அக்காவைப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

திருப்பூரில் ஒரு லைன் வீட்டில் நாலாவது கதவு வாணியுடையது. பத்துக்குப் பத்து. வாசல் பக்கம் கட்டில், நடுச்சுவரில் பீரோ, கடைசிச் சுவரோரம் அடுப்பு மேடை. இவை எல்லாம் போக மிஞ்சியதற்குத் தரை என்று பெயர். அதில் வாணியும், பனியன் கம்பெனிக்குப் போகும் அவள் புருஷன் பூபதியும், ஒன்பது மாதக் குழந்தை தர்ஷிகாவும் முறை வைத்து நின்றார்கள். குழந்தைக்கு நிற்க வராததால் அவள் முறையை வாணியின் இடுப்பில் கழித்தாள்.

இடம் சேர்க்க ஆரம்பித்ததே அவளுக்காகத்தான். அங்கன்வாடி டீச்சர் குழந்தையை எடை போட்டுவிட்டு அட்டையை எடுத்தார்.

"உக்காருதா?"

"உக்காருதுங்க டீச்சர்."

"தவழுதா?"

"இடமில்லீங்க."

டீச்சர் அந்தக் கட்டத்தில் 'இடமில்லை' என்று எழுதினார். "ஒம்பதடி வேணும் வாணி. நேரா. வளைஞ்சு வளைஞ்சு போறதெல்லாம் சேராது. எந்திரிச்சு நின்னுட்டான்னு வையி, அப்புறம் தவழ மாட்டா. ஒரே தடவைதான் வரும் அது."

வீட்டுக்கு வந்து வாணி சாண் போட்டுப் பார்த்தாள். கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவே இருந்தது மூன்றே முக்கால் அடி. மடியில் படுக்க வைத்தால் தர்ஷிகா காலையும் கையையும் அடித்துக்கொண்டு, கரையில் போட்ட மீன் மாதிரி, இருந்த இடத்திலேயே தவழ்ந்தாள். முட்டி இரண்டும் பட்டுப் போல இருந்தன. ஒரு புழுதி கிடையாது, ஒரு சிராய்ப்பு கிடையாது. அதைப் பார்க்கத்தான் வாணிக்குப் பொறுக்கவில்லை.

அன்றைக்கே கரண்டிகளை எல்லாம் ஆணியடித்துச் சுவரில் மாட்டினாள். ஒரு கரண்டிக்கு ஒரு கரண்டி இடம் கிடைத்தது. மூன்று பேரும் ஒரே பக்கம் திரும்பிப் படுத்ததில் முழங்கை அளவு மிஞ்சியது. பூபதி பேசும்போது கையை வீசி வீசிப் பேசுகிற ஆள். "கையைக் கட்டிக்கிட்டுப் பேசுங்க" என்றாள். தினம் அரை டம்ளர் தேறியது. சூப்பர்வைசரைப் பற்றிப் பேசிய நாட்களில் ஒரு டம்ளரே தேறியது.

பெரிய வரவு கதவில்தான் வந்தது. உள்பக்கம் திறக்கும் கதவை ஆசாரியை வைத்து வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றியதும், கதவு அதுவரை சுற்றிக்கொண்டிருந்த இடம் தர்பூசணிக் கீற்று மாதிரி அப்படியே கழன்று வந்தது. எந்த டப்பாவிலும் அடங்கவில்லை. கடைசியில் அதைச் சுருட்டி, தீபாவளி முறுக்கு டின்னுக்குள் திணித்து, மூடிமேல் அம்மிக்குழவியை வைத்தாள்.

மிச்சமாகும் இடம் சாயங்காலத்துக்குள் பீரோ மூலையில் வந்து ஒதுங்கிவிடும். பூந்துடைப்பத்தால் மெல்லக் கூட்டி எடுத்து உடனே மூட வேண்டும். அசந்தால் போச்சு. இடம் திறந்து கிடப்பது தெரிந்தால் முதலில் வந்து உட்காருவது பூபதியின் ஹெல்மெட். அதைப் பார்த்து, என்றைக்காவது ரிப்பேர் பண்ணிவிடலாம் என்று அவன் எடுத்து வைத்திருக்கும் டேபிள் ஃபேனும் வந்துவிடும். கல்யாணமாகி மூன்று வருஷமாக அந்த 'என்றைக்காவது' மட்டும் வரவில்லை.

இரண்டு மாதத்தில் பதினாறு டப்பா, இரண்டு தூக்குப்போசி, ஒரு குக்கர், முறுக்கு டின் எல்லாம் நிறைந்துவிட்டன. அவற்றை அடுக்கி வைத்ததில் தரை இரண்டடியாகக் குறைந்தது.

"இடத்தைச் சேர்த்து வெச்சு இருக்கற இடத்தையே அடைச்சுட்டியே புள்ள" என்றான் பூபதி, கையைக் கட்டிக்கொண்டு.

"சேர்த்து வெக்கறதுன்னா அப்படித்தானுங்க. உங்க அக்கா வூட்டுல பன்னெண்டு பீங்கான் தட்டு இருக்குது. என்னிக்காவது அதுல நமக்குச் சோறு போட்டிருக்காங்களா?"

பூபதி யோசித்துப் பார்த்துவிட்டு, போட்டதில்லை என்று ஒத்துக்கொண்டான்.

"எடுத்துக் கொட்டுனா தவழ்ந்துரும்ல?"

"எட்டரை அடிதானுங்க இருக்குது. இன்னும் அரையடி சேரோணும். அரைகுறையாத் தெறந்தா உங்க ஹெல்மெட்டுத்தான் தவழும்."

அந்த அரையடி சேர்ந்துதான் இருக்கும். அதற்குள் மூணாவது கதவு ஜெயக்கொடி அக்கா வந்து நின்றாள். ஜாக்கெட் தைக்கிறவள். கழுத்தில் எப்போதும் இஞ்சு டேப் தொங்கும்.

"வாணி, ஒரு டம்ளர் இடம் இருந்தாக் குடு கண்ணு. என்ற நாத்தனா வர்றா. தங்கிட்டுத்தான் போவேங்கறா."

வாணி கோபுரமாக ஒரு டம்ளர் அள்ளிக் கொடுத்தாள். நாலு நாள் கழித்துத் தலைதட்டித் திரும்ப வந்தது.

"நாத்தனா போயிட்டாங்களாக்கா?"

"போயிட்டா. இடம் பத்தலைன்னு கோவிச்சுக்கிட்டு."

திரும்பி வந்த இடத்தில் கருவாட்டு வாசம் அடித்தது. நாத்தனாரின் குறட்டையும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்தால் கொர்ரென்றது. ஒரு நாள் முழுக்க மொட்டைமாடி வெயிலில் காய வைத்த பிறகுதான் விட்டது. இரவல் போய்வந்த இடத்தை வெயிலில் போடாமல் மற்ற இடத்தோடு கலக்கக்கூடாது. கலந்தால் எல்லா டப்பாவும் குறட்டை விடும்.

வாங்கிப் போனதற்கு நன்றியாக, ஜெயக்கொடி அக்கா போய் வீட்டு ஓனரம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி வைத்தாள். ஓனரம்மா புதன்கிழமை வாசலில் வந்து நின்றார். உள்ளே வர அவருக்கு இடம் இல்லை.

"ஏனம்மிணி, என்ற வூட்டு இடத்தை டப்பாவுல போட்டு வெச்சிருக்கியாமா?"

"அது நான் மிச்சம் புடிச்சதுங்கம்மா."

"தண்ணி ஊத்துனேன்னு சொல்லி என்ற மரத்துத் தேங்காயை நீயே பறிச்சுக்குவியா? என்ற பையன் பெரிய காரா வாங்கிட்டான். நிறுத்த இடமில்லாம ரோட்டுல நிக்குது. வெயில்ல பாவம், பெயிண்டு வெளுக்குது."

"பாப்பா தவழறதுக்குங்கம்மா..."

"நானெல்லாம் தவழ்ந்தனான்னே எனக்கு ஞாபகமில்ல. நான் நல்லாத்தான இருக்கறேன்? ஞாயித்துக்கிழம பத்து மணிக்கு வர்றேன். இடத்தை எடுத்துக்கிட்டு டப்பாவை உங்கிட்டயே குடுத்தர்றேன். அடுத்தவங்க பொருளுக்கு நான் ஆசப்படறவ இல்ல."

வியாழக்கிழமை தர்ஷிகா கட்டில் காலைப் பிடித்து எழப் பார்த்தாள். வாணி உட்கார வைத்தாள். மறுபடி பிடித்தாள். வெள்ளிக்கிழமை முட்டி தரையை விட்டு எழும்பிவிட்டது. வாணி கட்டில் கால் நான்கிலும் தேங்காய் எண்ணெய் தடவினாள். எண்ணெய் தடவினால் பிடி வழுக்கும், குழந்தை தப்பென்று உட்கார்ந்துவிடும். செலவும் இரண்டு ஸ்பூன்தான். சனிக்கிழமை தர்ஷிகா பீரோவின் கைப்பிடியைக் கண்டுபிடித்தாள். அதற்கும் தடவினாள். அன்றைக்குப் பூபதியைப் பேசவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவன் மூச்சைக்கூட மெல்ல விட்டான். அப்படியும் சாயங்காலம் மூலையில் சேர்ந்தது ஒரு விரற்கடை.

ஞாயிற்றுக்கிழமை ஓனரம்மா ஒன்பதரைக்கே நான்கு அரிசிச் சாக்குடன் வந்துவிட்டார். சும்மா கிடைக்கிற பொருளுக்கு யாரும் தாமதமாக வருவதில்லை. பூபதி மேடையில் அவருக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தான். வாணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லா டப்பாக்களையும் தரையில் இறக்கினாள்.

"பார்த்துட்டு எடுத்துக்கங்கம்மா. கெட்டுப்போயிருந்துதுன்னா அப்புறம் என்னையச் சொல்லக்கூடாது."

குழவியை நகர்த்தி முறுக்கு டின்னைத் திறந்தாள். தர்ஷிகா எட்டிப் பார்த்தாள். பல் முளைக்கிற சமயம். விடிந்ததிலிருந்தே ஜொள்ளு. வாயோரத்தில் ஒரு நூல் இறங்கியது. அவசரமே இல்லாமல், மினுமினுவென்று, நேராக டின்னைப் பார்த்து இறங்கியது. துடைக்க வாணியின் தோளில் துணி இருந்தது. ஒரு கை சும்மாதான் இருந்தது.

வாணி துடைக்கவில்லை.

முதலில் தர்பூசணிக் கீற்று ஊறி எழுந்து டின்னை விட்டு வெளியே வந்தது. அது பட்டதும் அடுத்த டப்பா ஊறியது. மூடிகள் ஒவ்வொன்றாகக் கழன்று உருண்டன. குக்கர் மட்டும் மூன்று விசில் கொடுத்துவிட்டுத் திறந்தது. பீரோ சுவரோடு சேர்ந்து விலகிப் போனது. அடுப்பு மேடை, டீ ஆற்றிக்கொண்டிருந்த பூபதியுடன், பின்னால் போய்க்கொண்டே இருந்தது. அவன் முழ உயரமானான், பிறகு விரல் உயரமானான், பிறகு கடுகானான். வாணியின் செல்போன் அடித்தது.

"ஏம்புள்ள, ஓனரம்மாவுக்குச் சக்கரை எவ்வளவு?"

"அரை ஸ்பூனுங்க."

"கொண்டாந்து சேர்க்கறதுக்குள்ள ஆறிரும்."

"மூடிக் கொண்டாங்க."

வாணி குழந்தையைத் தரையில் விட்டாள். தர்ஷிகா கொஞ்ச நேரம் தூரத்தைப் பார்த்தாள். வலது உள்ளங்கையைத் தரையில் பட்டென்று வைத்தாள். இடது முட்டியை இழுத்தாள். அப்புறம் மற்றது. ஒரு தடவை தாடை தரையில் இடித்தது, அழவில்லை. ஒன்பதாவது அடியில் வாணி சாக்பீசால் ஒரு கோடு போட்டு, அதன் பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தர்ஷிகா கோட்டைப் பார்க்கவே இல்லை. தாண்டி, பட் பட்டென்று போய்க்கொண்டே இருந்தாள்.

ஓனரம்மா வெளியே போய்ச் சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். வெளிப்பக்கம் பத்துக்குப் பத்துதான் இருந்தது.

"செரி. ஆனா சுண்ணாம்பு நீதான் அடிச்சுக்கோணும்" என்றார். டீ வரும்வரை இருக்கவில்லை. அது முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வந்தது.

இடம் திறந்து கிடந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் முதலிலேயே சொன்னோமே. அன்று மத்தியானமே ஹெல்மெட் வந்து உட்கார்ந்துவிட்டது. திங்கட்கிழமை காலையில் பீரோவுக்குப் பக்கத்தில் ஓனரம்மா பையனின் கார் நின்றது. செவ்வாய்க்கிழமை ஜெயக்கொடி அக்கா இரண்டு தையல் மிஷினை இறக்கினாள். பின்னாலேயே நாத்தனாரும் கட்டிலோடு வந்தாள். அவள் கோபமெல்லாம் தீர்ந்திருந்தது. புதன்கிழமை அங்கன்வாடி டீச்சர் வந்து முட்டியைத் திருப்பிப் பார்த்தார். இரண்டிலும் அழுக்கு அப்பியிருந்தது. அட்டையில் 'இடமில்லை'யை அடித்துவிட்டு 'தவழ்கிறது' என்று எழுதினார். போகிற வழியில், காருக்கு எதிரே புதிதாகப் போட்டிருந்த பேக்கரியில் தேங்காய் பன் வாங்கிக்கொண்டார்.

பூபதிக்குத்தான் சிரமம். அடுப்படியில் காப்பி குடித்துவிட்டு ஆறு மணிக்குக் கிளம்பினாலும் வாசலுக்கு வர ஏழாகிவிடும். மற்றவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். வியாழக்கிழமையிலிருந்து மினி பஸ் விட்டார்கள். 'அடுப்பு – கட்டில், வழி: பீரோ' என்று போர்டு மாட்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை தர்ஷிகா அடுப்படியிலிருந்து கட்டிலைப் பார்த்துத் தவழ்ந்துகொண்டிருந்தாள். நடுத்தரையில், நேராக, ஒரு பொட்டு வளையாமல். வாணி ஒரு கையில் பால் பாட்டிலும் மறு கையில் துணியுமாகப் பின்னால் நடந்தாள். அவளுக்குப் பின்னால் மினி பஸ் ஹாரன் அடிக்காமல் உருண்டு வந்தது. ஜன்னலோரம் பூபதி சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பேக்கரியைத் தாண்டியதும் கண்டக்டர் படியில் தொங்கியபடி தலையை நீட்டினார்.

"அக்கா, எல்லாருக்கும் கம்பெனிக்கு நேரமாகுதுங்க. பாப்பாவைக் கொஞ்சம் ஓரமாத் தவழச் சொல்லுங்க."